குடலின் கணக்கும் குளுக்கோஸ் பாட்டிலும்

உணவிலும் பானத்திலுமாக நாளொன்றுக்கு நாம் உட்கொள்ளும் நீர் ஏறக்குறைய 2 லிட்டர்தான் என்றாலும், உமிழ்நீர், இரைப்பை ரசம், பித்தம், கணைய நீர் என்று சரீரமே தன் பங்காகச் சுரந்து ஊற்றும் 7 லிட்டரையும் சேர்த்து, 9 லிட்டர் திரவம் தினந்தோறும் குடலை வந்தடைகிறது. அதில் மலத்தோடு கழிவது கால் லிட்டருக்கும் குறைவு. மற்றதையெல்லாம் திரும்ப வாங்கி ரத்தத்தில் வரவு வைக்கும் அந்த உறுப்பின் சாமர்த்தியத்தை, பேதி கண்ட வீட்டில் ஒருவரும் நினைப்பதில்லை. "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுங்க டாக்டர்" என்பதே முதல் பேச்சு.

உப்பு போகும் வழியில்தான் நீரும் போகும். குடற்சுவரின் செல்கள் சோடியத்தை உள்வாங்கினால் நீர் அதைத் தொடர்ந்து உடலுக்குள் வருகிறது. குளோரைடை வெளியே விட்டால் சோடியமும் நீரும் அதன் பின்னே குடலுக்குள் வடிகின்றன. காலராக் கிருமியின் விஷம், 1959-இல் கல்கத்தாவில் முயலின் குடலைக் கொண்டு சம்புநாத் டே நிரூபித்த அந்த விஷம், குளோரைடு வாயிலை மூடவொட்டாமல் செய்துவிடுவதால், கழுநீர் நிறத்தில் பேதி பெருகி மனிதன் சில மணி நேரத்தில் வற்றிப்போகிறான். ஆனால் அவ்விஷம் தொடாத வாயில் ஒன்று உண்டு. சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால் மாத்திரமே அது வழிவிடும். இவ்விரண்டும் இணைந்தே நுழைகின்றன என்ற கொள்கையை ராபர்ட் கிரேன் 1960-இல் பிராக் நகரில் வெளியிட்டார்.

அதன் பிரயோஜனம் 1971-இல் வங்காள எல்லையிலுள்ள போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது புலப்பட்டது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் என்ற வைத்தியர், உப்பும் சமையல் சோடாவும் குளுக்கோஸும் அளந்து கட்டிய பொட்டலங்களை டிரம்களில் கரைத்து வைத்து, அடியிலிருந்த குழாயைத் திறந்து குவளையில் பிடித்துப் புகட்டும் பொறுப்பை நோயாளிகளின் உறவினரிடமே ஒப்படைத்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த மரணம் நாலுக்கும் கீழே இறங்கியது.

நினைவிழந்தவனுக்கும், நாடி தளர்ந்தவனுக்கும், வாயில் விட்டதெல்லாம் வாந்தியாகிறவனுக்கும் பாட்டில் அவசியமே. குடிக்க முடிந்த குழந்தைக்கும் ஊசி குத்தினால்தான் வைத்தியம் என்று எண்ணுவதும், காசு வாங்குகிற சில இடங்களில் அந்த எண்ணத்தைத் திருத்தாமல் விடுவதுமே என் ஆட்சேபம். சர்க்கரையேற்றிய பழரசங்களை உப்பு-குளுக்கோஸ் கரைசலுக்குப் பதிலாக வாங்கித் தருவது இன்னும் விபரீதம். சர்க்கரை மிகுந்தால் குடல் ரத்தத்திலிருந்தே நீரை இழுத்துக்கொள்ளும். 2002-இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஓ.ஆர்.எஸ். எனப்படும் அந்தக் கரைசலின் உப்பையும் குளுக்கோஸையும் குறைத்ததுகூட இந்தச் செறிவைத் தணிக்கத்தான். ருசிக்காக ஒரு லிட்டர் பொட்டலத்தை அரை லிட்டரில் கரைத்தாலும் இதே கேடு வரும். ஆதலால் ஆஸ்பத்திரிகளில் பொட்டலத்தை வெறுமனே கையில் கொடுத்தனுப்பாமல், தாயின் எதிரிலேயே ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து கரைத்துக் காட்டுவதை நர்சுகளின் கடமையாகவே விதிக்க வேண்டும்.