படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பல வருஷங்களுக்கு முன் என்னிடம் வாசித்த பையன் ஒருவன் என்னைப் பார்க்க வந்திருந்தான். பையன் என்றா சொன்னேன்? இப்போது மீசையும் உத்தியோகமும் உள்ளவர். ஆனால் உபாத்தியாயருக்குப் பழைய மாணாக்கன் எந்நாளும் இரண்டாவது பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் பையன்தான். பள்ளிக்கூட நாட்களிலேயே அவன் பாட்டுக் கட்டுவான். சென்ற சில ஆண்டுகளில் அவன் இயற்றிய சாகித்யங்கள் சிலவற்றைக் கச்சேரிகளிலும் பாடியிருக்கிறார்கள். இப்போது இரண்டு வருஷமாக ஒரு வரியும் வரவில்லையாம். கையிலிருந்த நோட்டுப் புஸ்தகத்தை ஊஞ்சல் பலகைமேல் வைத்தான்.

"இது இங்கேயே இருக்கட்டும், ஸார். வீட்டில் இருந்தால் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது" என்றான்.

காரணம் கேட்டேன். ஒரு சபையில் அவனுடைய பாட்டுப் பாடப்பட்டபோது, அங்கிருந்த பெரியவர் ஒருவர் பலர் முன்னிலையில், "எதுகை இடிக்கிறது, கருத்தோ பழையது" என்று சொல்லிச் சிரித்தாராம். அன்று முதல் பேனாவைத் தொட்டால் அந்தச் சிரிப்புத்தான் காதில் விழுகிறதாம்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெரியவரை எண்ணி அல்ல. இதே பையனுடைய வியாச நோட்டில், ஒரு நாள் அவன் ஆசையோடு எழுதி வைத்திருந்த செய்யுளின் கீழே, "இது கவிதையும் அன்று, வசனமும் அன்று" என்று சிவப்பு மையால் நான் எழுதியது ஞாபகத்துக்கு வந்தது. அதை அவன் மறந்திருப்பான் என்று நினைத்துக்கொள்ள எனக்கு விருப்பந்தான். அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு ருஷ்யரின் கதையைச் சொல்லத் தொடங்கினேன்.

ஸெர்கேய் ராக்மானினாவ் என்ற பெயரை நேயர்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1873-ம் ஆண்டில் பிறந்தவர். பியானோ வாசிப்பதில் உலகம் கண்ட மகா வித்வான்களில் ஒருவர். பெரிய வாத்தியக் கோஷ்டிகளுக்கு உருப்படிகள் இயற்றியவர். ருஷ்யக் கவிகளின் சொற்களுக்கு மெட்டமைத்து எண்பதுக்கு மேற்பட்ட பாட்டுக்களும் செய்தவர். மாஸ்கோ சங்கீதக் கலாசாலையில் தங்கப் பதக்கம் பெற்று 1892-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. சாய்க்காவ்ஸ்கி போன்ற மேதையே அந்தப் பிள்ளையைப் பாராட்டினார். முதல் படியிலேயே இத்தனை மாலைகள் விழுவது நல்லதுதானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வகுப்பில் எப்போதும் முதலாக வருகிறவன் ஒரு தடவை இரண்டாவதாக வந்தால் படுகிற பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

1897-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் அவருடைய முதல் சிம்பொனி அரங்கேறிற்று. கோஷ்டியை நடத்தியவர் கிளாஸுனாவ். அவரும் பெரிய சங்கீதக்காரரே. ஆனால் ஒத்திகை போதவில்லை; நடத்தியதிலும் ஊக்கம் இல்லை. அன்று அவர் மது அருந்தியிருந்தார் என்று பிற்காலத்தில் ஒரு பேச்சுக் கிளம்பியது, அது நிரூபணமாகவில்லை. எப்படியானாலும் சங்கீதம் குலைந்து போயிற்று. இருபத்து நான்கு வயது நிரம்பாத கர்த்தா, மண்டபத்துக்குள் உட்கார முடியாமல், மாடிக்குப் போகும் வளைந்த படிக்கட்டில் ஒடுங்கி உட்கார்ந்து, சில சமயம் காதையும் பொத்திக்கொண்டார். கடைசியில் அங்கேயும் இருப்புக் கொள்ளாமல் தெருவுக்கு ஓடினார்.

பத்திரிகை விமரிசகர்களுள் ஸீஸர் குயீ என்பவர் இருந்தார். இவர் தாமும் பாட்டுக்கள் இயற்றியவர். தொழிலில் ராணுவ எஞ்சினியர், கோட்டை கட்டும் சாஸ்திரத்தில் பேராசிரியர். பைபிளில் எகிப்து தேசத்தைப் பீடித்த வாதைகள் வருகின்றன அல்லவா? நரகத்தில் ஒரு சங்கீதக் கலாசாலை இருந்து, அந்த வாதைகளை வர்ணித்து ஒரு சிம்பொனி செய்யும்படி அங்கே பரீட்சை வைத்தால், இந்தப் பிள்ளையின் உருப்படி நரகவாசிகளைப் பரவசப்படுத்தியிருக்கும் என்ற கருத்தில் அவர் எழுதினார். எழுதும்போது தம்முடைய சாதுரியத்தைத் தாமே ரசித்திருப்பார். சிவப்பு மை பிடித்தவர்களுக்கு அந்த ரசனை தெரியும்.

அதன் பிறகு மூன்று வருஷம் ராக்மானினாவ் குறிப்பிடத்தக்கதாக ஒன்றும் இயற்றவில்லை. சோம்பேறியாக உட்கார்ந்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். மாஸ்கோவில் ஒரு தனியார் நாடகக் கம்பெனியில் கோஷ்டியை நடத்தினார். பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தார். சாலியாபின் என்ற மகா பாடகரின் சிநேகமும் அங்கேதான் கிடைத்தது. 1899-ல் லண்டனுக்குப் போய்க் கச்சேரி செய்தார். அங்குள்ளவர்கள் அடுத்த முறைக்குப் புதிய கான்செர்ட்டோ ஒன்று, அதாவது பியானோவும் முழுக் கோஷ்டியும் எதிரும் புதிருமாகச் சேர்ந்து வாசிக்கும் உருப்படி ஒன்று, வேண்டும் என்றார்கள். அவரும் வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுத்தாரேயொழிய, வீட்டுக்குத் திரும்பிக் காகிதத்தின் முன் உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

பெரியவரைப் பார்த்தால் மனம் தெளியும் என்று வேண்டியவர்கள் அவரை டால்ஸ்டாயிடம் அனுப்பினார்கள். டால்ஸ்டாயும், தினந்தோறும் வேலை செய்யவேண்டும் என்று புத்தி சொன்னார். நல்ல யோசனைதான், ஆனால் வயிறு மந்தித்தவனிடம் நன்றாகச் சாப்பிடு என்று சொல்வதுபோல் இருந்தது. மறுமுறை 1900-ம் ஆண்டுத் தொடக்கத்தில் சாலியாபினும் கூடப் போனார். "விதி" என்ற பாட்டை ராக்மானினாவ் வாசிக்க, சாலியாபின் பாடினார். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். கிழவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, இம்மாதிரி சங்கீதம் யாருக்கு வேண்டும் என்று கேட்டாராம். பிறகு அதற்காக வருத்தம் தெரிவித்தார் என்பதும் உண்மை. தெய்வமாகக் கொண்டாடிய மனிதர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்துவிட்ட பிறகு, வருத்தம் தெரிவித்து என்ன செய்ய?

கடைசியில் உறவினர்கள் நிக்கொலாய் டால் என்ற வைத்தியரிடம் அவரை அழைத்துப் போனார்கள். மனோவசியத்தால் சிகிச்சை செய்பவர் அவர். சுமார் மூன்று மாத காலம் ராக்மானினாவ் நாள்தோறும் அங்கே போய்ச் சாய்வு நாற்காலியில் அரைத் தூக்கமாகக் கிடப்பார். கான்செர்ட்டோவை எழுதத் தொடங்கப் போகிறாய், வேலை தடையின்றி ஓடும், உருப்படி நன்றாக அமையும் என்று வைத்தியர் திரும்பத் திரும்ப அவர் காதில் ஓதுவார். மனோவசியத்தில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த வைத்தியர் ஓய்வு நேரத்தில் தாமே வாத்தியம் வாசிக்கிறவர், சங்கீதத்தில் பிரியமுள்ளவர். நோயாளியோடு சங்கீதத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். மூன்று வருஷமாக, எழுதியது சரியா தப்பா என்றே எல்லோரும் பேசிய ஒரு மனிதனுக்கு, தீர்ப்புச் சொல்லாமல் தினம் ஒருவர் அருகில் உட்கார்ந்திருந்தார். மருந்து அதுதானோ என்பது என் ஊகம்.

அந்தக் கோடையில் ராக்மானினாவ் இத்தாலிக்குப் போனார். திரும்பி வந்ததும் கான்செர்ட்டோவின் இரண்டாம், மூன்றாம் பகுதிகளை எழுதி முடித்தார். கவனியுங்கள்: முதல் பகுதி இல்லை! வாசல் வைக்காமல் கூடத்தையும் சமையலறையையும் கட்டியதுபோல. அந்த இரண்டு பகுதிகளை மட்டும் 1900 டிஸம்பரில் மாஸ்கோவில் வாசித்தார். வரவேற்பு பலமாக இருந்தது. முதல் பகுதி அதன் பின்னரே வந்தது. முழு உருப்படியும் 1901 நவம்பரில் அரங்கேறிற்று. பியானோவில் அவரே, கோஷ்டியை நடத்தியவர் அவருடைய உறவினர் ஸிலோட்டி. நூலை வைத்தியர் டாலுக்குச் சமர்ப்பணம் செய்தார். இன்றைக்கும் உலகத்தில் மிகுதியாக வாசிக்கப்படும் கான்செர்ட்டோக்களில் அது ஒன்று.

கதை இங்கே சுபமாக முடிந்தது என்று எண்ணி என் பையனும் நிமிர்ந்து உட்கார்ந்தான். நான் விடவில்லை. அந்த அரங்கேற்றத்துக்குச் சில நாட்களுக்கு முன் ராக்மானினாவ் தம் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. முதல் பகுதி முழுவதும் கெட்டுவிட்டது, ஆரம்பத்து மெட்டு மெட்டே அன்று, வெறும் முகவுரை என்று புலம்பியிருக்கிறார். சிகிச்சை முடிந்து ஒன்றரை வருஷம் ஆனபிறகு! சந்தேகம் அவரை விட்டுப் போகவே இல்லை. அதைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே எழுதக் கற்றிருந்தார், அவ்வளவுதான். மறு ஆண்டு ஏப்ரலில், கல்யாணத்துக்கு முன், பதினொரு பாட்டுக்கள் மளமளவென்று வந்தன. அவற்றில் ஒன்று லைலாக் பூவைப் பற்றியது. சின்னஞ்சிறு பாட்டு, மிகப் பிரசித்தம்.

1917-ம் ஆண்டுப் புரட்சியின்போது நாட்டை விட்டுப் போனவர் திரும்பவேயில்லை. மறுபடியும் ஊற்று அடைத்தது. அடுத்த கான்செர்ட்டோ 1926-ல்தான் முடிந்தது. கவிகளின் சொற்களுக்கு மெட்டமைத்துத் தனிப் பாட்டு ஒன்று அதன்பின் செய்யவேயில்லை. தேசத்தை இழந்தபோது இயற்றும் ஆசையையும் இழந்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த நோய்க்கு டால் போன்ற வைத்தியர் எங்கே கிடைப்பார்? 1943-ம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவில் காலமானார்.

"அந்த முதல் சிம்பொனி என்ன ஆயிற்று, ஸார்?" என்று பையன் கேட்டான். எல்லோரும் கேட்க மறக்கும் கேள்வி. அதை அவர் கிழித்துப் போடவில்லை. மேஜைக்குள் பூட்டி வைத்திருந்தார். ருஷ்யாவை விட்டபோது கூட எடுத்துச் செல்லவில்லை. கையெழுத்துப் பிரதி மறைந்தே போயிற்று. ஆனால் கோஷ்டியில் ஒவ்வொருவரும் பார்த்து வாசித்த தனித்தனித் தாள்கள் 1944-ல் லெனின்கிராடில் அகப்பட்டன. அவற்றைக் கோத்து முழு உருப்படியையும் உண்டாக்கி, 1945 அக்டோபரில் மாஸ்கோவில் வாசித்தார்கள். சபை ஆரவாரித்தது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர் இறந்து அப்போது இரண்டரை வருஷம் ஆகியிருந்தது.

விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டபடியால் பையன் எழுந்தான். நோட்டை எடுத்துக்கொள்ளவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை ஒரு தபால் கார்டு வந்தது. நோட்டு அங்கேயே இருக்கட்டும் என்றும், முப்பத்தோராம் பக்கத்தில் பாதியில் நிற்கும் சரணத்தை மட்டும் நகல் எடுத்து அனுப்பவேண்டும் என்றும் எழுதியிருந்தான். எடுத்து அனுப்பிவிட்டேன், கறுப்பு மையில். மூன்றாவது அடியில் எதுகை இடிக்கத்தான் செய்கிறது.