பால் பொங்கிய படலம்

என் மனைவி ஊருக்குக் கிளம்பும்போது ஒரே ஒரு உத்தரவுதான் போட்டாள். "என்னங்க, பாலை அடுப்புல வெச்சிட்டுப் பேப்பர் படிக்கப் போயிடாதீங்க."

போனேன்.

வாசலில் நாற்காலி போட்டு, கிரிக்கெட் பக்கத்தில் எக்ஸ்ட்ராஸ் வரைக்கும் படித்து முடித்தபோது, உள்ளேயிருந்து அழுகின முட்டைக்கோஸ் மாதிரி ஒரு நாற்றம். ஓடிப் போய்ப் பார்த்தால், பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டிருந்தது. கேஸ் மட்டும் 'உஸ்'ஸென்று தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

நாற்றம் போகட்டுமே என்று எக்ஸாஸ்ட் ஃபேன் ஸ்விட்ச் பக்கம் கையை நீட்டினேன்.

"தம்பி, கையை எடு!"

எதிர் போர்ஷன் பாட்டி. தோசை மாவு கேட்க வந்தவர், கிண்ணத்தோடு உள்ளே வந்து அடுப்பின் குமிழை மூடினார். ரெகுலேட்டரை மூடினார். ஜன்னலையும் கொல்லைக் கதவையும் விரியத் திறந்தார். அப்புறம்தான் திட்டினார்.

"ஸ்விட்சைப் போட்டாலும் பொறி வரும், அணைச்சாலும் பொறி வரும். கேஸ் நாத்தம் அடிச்சா கரண்ட் பக்கமே போகக் கூடாது. இதுகூடத் தெரியாதா?"

தெரியாது. பி.காம்., ஃபர்ஸ்ட் கிளாஸ். ஆனால் தெரியாது.

அப்புறம்தான் விசாரித்தேன். சமையல் கேஸுக்கு சொந்த வாசனையே கிடையாதாம். கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்று எதைல் மெர்காப்டன் என்ற சமாசாரத்தைக் கலக்கிறார்கள். அந்த நாற்றம் நம் உயிரைக் காப்பாற்ற வைத்த நாற்றம். கேஸ் காற்றை விடக் கனம். அதனால் புகை மாதிரி மேலே போகாமல் தரையோடு படுத்துக்கொள்ளும். ஜன்னல் மட்டும் போதாது, கதவையும் திறக்க வேண்டும். எல்லாவற்றையும் மூடியும் நாற்றம் நிற்காவிட்டால் வெளியே போய் நின்றுகொண்டு 1906-க்கு போன் செய்யலாம். ராத்திரி பகல் எந்நேரமும்.

சாயங்காலம் அடுப்பைப் பற்ற வைத்தால் அடுத்த தகராறு. நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிந்தது. பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. நல்லவேளை, "கேஸ் அடுப்பு, குக்கர், மிக்ஸி ரிப்பேர்ர்ர்..." என்று தெருவில் குரல் கேட்டது.

வந்தவர் பர்னரைக் கழற்றினார். "சார்கிட்ட பைக் இருக்கா?"

"இருக்கு அண்ணே."

"கார்புரேட்டர் கழட்டிப் பாத்திருக்கீங்களா?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. காலேஜ் நாளில் என் பழைய பைக்கை வாரம் ஒரு தடவை கழற்றி மாட்டியவன் நான்.

"அதேதான் சார் இது. அங்க காத்தும் பெட்ரோலும் கலக்கணும். இங்க காத்தும் கேஸும். காத்து பத்தலைன்னா மஞ்சத் தீ. கேஸும் வீண், கரியும் புடிக்கும்."

பால் காய்ந்து பர்னர் ஓட்டைகளில் பாதி அடைத்திருந்தது. வெந்நீரில் சோப்பு போட்டு ஊறவைத்து, ஊக்கால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்தார். "நல்லாக் காய வெச்சு மாட்டுங்க. ஈரத்தோட மாட்டினா படபடன்னு எரியும். ஆனா கீழ இருக்குற ஜெட்டை மட்டும் ஊக்கால குத்தாதீங்க. ஓட்டை பெருசாச்சுன்னா கேஸ் எக்கச்சக்கமா வரும், மறுபடி மஞ்சத் தீதான்."

தீ பர்னரை விட்டு எழும்பி, இரைச்சலோடு எரிந்தால் காற்று அதிகம். குமிழ் திருகக் கஷ்டமாக இருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கும். அது மெக்கானிக் வேலை. "தேங்காய் எண்ணெய் விடலாமா?" என்று கேட்டேன். அவர் பார்த்த பார்வையில் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

கடைசியில் ரப்பர் ட்யூபைப் பிடித்து லேசாக வளைத்தார். முடி மாதிரி வெடிப்புகள். "இது எப்ப வாங்கினது சார்?"

"கல்யாணத்துக்கு."

"கல்யாணம் எப்ப?"

"ஒன்பது வருஷம் ஆச்சு."

"அஞ்சு வருஷத்துல மாத்தணும் சார். ட்யூப் மேலயே வருஷம் போட்டிருக்கும், பாருங்க." சோப்பு நுரையைத் தடவிக் காட்டினார். ஒரு இடத்தில் குட்டிக் குட்டியாகக் குமிழி வந்தது. "இப்படித்தான் பாக்கணும். தீக்குச்சி கொளுத்திப் பாக்குற ஆளுங்களும் இருக்காங்க."

எனக்குக் கால் லேசாக நடுங்கியது. குமிழிக்காக மட்டும் இல்லை. "ட்யூப் பழசாயிடுச்சு, மாத்தணுங்க" என்று அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றே எத்தனை வாரம் ஓட்டியிருப்பேன்! இதே நேரத்தில் பைக்குக்கு மூன்று தடவை சர்வீஸ் ஆகிவிட்டது. தினம் அந்த அடுப்புக்கு முன்னால் நிற்கிறவள் அவள்.

ரெகுலேட்டரை மூடிவிட்டு ராத்திரி ஓட்டலில் சாப்பிட்டேன். மறுநாள் ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டு, கேஸ் டீலரிடம் போய் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள புது ட்யூப் வாங்கி மாட்டச் செய்தேன்.

அவள் ஊரிலிருந்து வந்ததும் மெர்காப்டன், காற்று, ஜெட் என்று அரை மணி நேரம் லெக்சர் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டாள். "எல்லாம் எனக்குத் தெரியும்ங்க" என்றாள். அப்புறம் குனிந்து புது ட்யூபைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குக் காபியில் டிகாக்‌ஷன் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

இப்போதும் காலையில் பால் காய்ச்சுவது நான்தான். பேப்பரைச் சமையலறையிலேயே நின்றுகொண்டு படிக்கிறேன்.