ஒரு வினையெச்சமும் ஒரு கியர் பாக்ஸும்

விக்ரோலி பார்க்சைட்டில் வளர்ந்தவர்களுக்கு மண் அள்ளும் இயந்திரங்களின் இரைச்சல் புதிதன்று. பாந்த்ரா குர்லா வளாகத்திலிருந்து ஷில்பாட்டா வரை 21 கிலோமீட்டர் நீளும் அதிவேக ரயில் சுரங்கத்திற்காக ஆழக்குழி தோண்டிய இடங்களுள் எங்கள் விக்ரோலியும் ஒன்று. நான் எழுதவிருப்பது அவ்வளவு பெரிய வேலையைப் பற்றியதன்று. ஒரு கான்கிரீட் களத்தில் ஜல்லி அள்ளும் பழைய லோடர் ஒன்றைப் பற்றியது.

என் சித்தப்பா இவ்வகை வண்டிகளைப் பழுதுபார்ப்பவர். சென்ற ஆண்டு அந்த லோடருக்கு டிரான்ஸ்மிஷன் ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. இவ்வண்டிகளுக்குக் கணக்கு கிலோமீட்டர் அன்று, மணி. பலவற்றில் 1000 மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறை மாற்றுவர். சித்தப்பா வெளியூரில் இருந்ததால் உதவிக்கு இருந்த பையனே பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, புதியதை ஊற்றினான். ஆயில் இளஞ்சூட்டில் இருக்கும்போதே வடித்தால்தான் அதில் மிதக்கும் துகள்களும் சேர்ந்து இறங்கும் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருந்தது. பிறகு தொலைபேசியில் கேட்டான். “வண்டிய ஓடவிட்டு ஆயிலப் பாத்துக்கோ, தம்பி” என்றார் சித்தப்பா. அரைமணி கழித்து, “பாத்தாச்சு அண்ணாச்சி, ஃபுல்லா இருக்கு” என்று பதில் வந்தது.

பையன் வண்டியை ஓடவிட்டான், பின் நிறுத்தினான், பின் பார்த்தான். எஞ்சின் ஆயிலை அப்படித்தானே பார்க்கிறோம். ஆனால் இந்த லோடரில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப் ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். ஓடும்போது பம்ப் ஆயிலை டார்க் கன்வெர்ட்டருக்கும் கூலருக்கும் குழாய்களுக்கும் அனுப்பிவிடுகிறது. கீழே தொட்டியில் எஞ்சுவதே உண்மையான அளவு. நிறுத்தினால் அதில் ஒரு பகுதி திரும்பி இறங்குகிறது. குறைவாக இருந்தாலும் நிறைவாகக் காட்டுகிறது. அப்படிக் குறை ஆயிலோடு ஜல்லிக் குவியலில் ஏறும்போது பம்ப் காற்றை இழுத்தது. கிளட்ச் தகடுகளை இறுக்கும் அழுத்தம் விழுந்தது. தகடுகள் வழுக்கிக் கருகின. சில வாரங்களில் ரிவர்ஸ் பிடிக்கவில்லை. திறந்து பார்த்தபோது ஆயிலில் தீய்ந்த வாடை, வலையில் கரிய செதில்கள். பழி பையன்மேல் விழுந்தது. வண்டிக்காரர் அவன் கூலியில் பிடித்துக்கொண்டார்.

என் கருத்தில் பிழை பையனுடையதன்று. அந்த வாக்கியத்தினுடையது.

‘ஓடவிட்டு’ என்பது செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம். “குளித்துச் சாப்பிட்டாள்” என்றால் ஒன்று முடிந்தபின் மற்றொன்று. “சிரித்துப் பேசினாள்” என்றால் இரண்டும் ஒரே வேளையில். வடிவம் ஒன்றே, எது எனத் தீர்மானிப்பது நம் உலக அறிவு. குளியலையும் சிரிப்பையும் பற்றிய அறிவு எல்லோருக்கும் உண்டு. டார்க் கன்வெர்ட்டரைப் பற்றிய அறிவு சித்தப்பாவுக்கு இருந்தது, பையனுக்கு இல்லை. அவன் தனக்குத் தெரிந்த எஞ்சின் ஆயிலைக் கொண்டு வாக்கியத்தை நிரப்பிக்கொண்டான். போதாக்குறைக்கு, நிறுத்திச் சில நிமிடம் கழித்தே பார்க்க வேண்டிய வண்டிகளும் உள்ளன. களத்தின் இந்திக்கு மாறினாலும் தப்பமுடியாது: ‘சாலூ கர்கே தேகோ’ என்பதிலும் இதே இருபொருள். இவ்வகை எச்சத்தைத் தெற்காசிய மொழிகளின் பொதுக்கூறுகளுள் ஒன்றாகக் காலின் மாசிகா 1976இல் காட்டியதை நாம் தேர்வுக்குப் படித்திருக்கிறோம். அது ஒருவனுடைய கூலியில் கைவைக்கும் என்று நான் எண்ணியதில்லை.

தொழில்நுட்பத் தமிழ் என்றவுடன் நம் துறையில் கலைச்சொல்லாக்கமே நினைவுக்கு வருகிறது. உயவு எண்ணெய் என்பதா, மசகு எண்ணெய் என்பதா எனக் கருத்தரங்குகளில் வாதிடுகிறோம். பெயர்ச்சொல் தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. கியர் பாக்ஸ் ஆயில் என்று கேட்டுவிட்டு, டிஃபரன்ஷியலுக்குரிய தடித்த கியர் ஆயிலை ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அது பெயர்க் குழப்பம்தான். ஆனால் ‘டிரான்ஸ்மிஷன்’ என்ற சொல் பையனைத் தடுக்கவில்லை. அதற்கு நல்ல தமிழ்ச்சொல் கிடைத்திருந்தாலும் அவன் வண்டியை நிறுத்தித்தான் பார்த்திருப்பான். ஏவல் வாக்கியங்களில் எச்சங்கள் எப்படிப் புரிந்துகொள்ளப்படுகின்றன, புதிதாய் வந்தவர் எங்கே தவறாக நிரப்பிக்கொள்கிறார் என்பதைப் பட்டறையில் உட்கார்ந்து ஆராய்ந்த முனைவர் பட்ட ஆய்வு ஒன்றையேனும் நான் படிக்க விரும்புகிறேன். தலைப்பு தேடும் இளையவர்கள் எடுத்துக்கொள்ளலாம். என் ஆய்வு ஏற்கெனவே வேறொன்றில் சிக்கிக்கிடக்கிறது.

சித்தப்பாவின் வேண்டுகோளின்படி டிப் ஸ்டிக் அருகே ஒட்ட ஒரு வரி எழுதிக்கொடுத்தேன்: “கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் அளவைப் பார்க்கவும்.” எழுதிய பிறகே உறைத்தது, ‘வைத்து’, ‘போட்டு’ இரண்டும் அதே எச்சங்கள் என்று. சித்தப்பாவிடம் சொன்னேன். “பிரேக்கப் போட்டுட்டு மறுபடி எடுத்துட்டு எவன்டா பாப்பான்?” என்று சிரித்தார். ஆயினும், ஓடும் வண்டிக்கருகில் ஒருவன் நிற்கப்போகிறான் அல்லவா. ‘போட்ட நிலையில்’ என்று திருத்திக் கொடுத்திருக்கிறேன்.