முடிவெடுப்பது அரசுதானா?

"விவசாயிகள் சங்கமாகச் சேர்கிறார்கள், ஆசிரியர்கள் சேர்கிறார்கள், தொழிலதிபர்கள் சேர்ந்தால் மட்டும் குற்றமா? அவர்கள் யோசனை சொல்கிறார்கள், முடிவெடுப்பது அரசு." பெங்களூர்த் தொழிலதிபர்களைப் பற்றிய பேச்சில் இந்த வாதம் தவறாமல் வரும். பெங்களூரை வைத்தே அதைச் சோதித்துப் பார்ப்போம்.

யோசனைதானாம். 2024 ஜூலை 15 அன்று கர்நாடக அமைச்சரவை ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தந்தது. தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதம், மற்ற வேலைகளில் 70 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்றது அது. இன்ஃபோசிஸின் முன்னாள் நிதி அதிகாரி மோகன்தாஸ் பை உள்ளிட்டோர் எக்ஸ் தளத்தில் கொதித்தார்கள். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் கண்டன அறிக்கை விட்டது. ஆந்திர அமைச்சர் நாரா லோகேஷ் 'விசாகப்பட்டினத்துக்கு வாருங்கள்' என்று கடை விரித்தார். 17ஆம் தேதியே மசோதா கிடப்பில் போடப்பட்டது. சட்டமன்ற விவாதத்துக்கே அது வரவில்லை. மசோதா எனக்கும் உவப்பானதல்ல. ஹரியானாவின் 75 சதவீத உள்ளூர்க்காரர் ஒதுக்கீட்டை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ரத்து செய்திருந்தது. இதற்கும் அதே கதி வந்திருக்கலாம். ஆனால் அமைச்சரவையின் முடிவை இரண்டே நாளில் நிறுத்தி வைக்கும் சொல்லுக்கு யோசனை என்றா பெயர்?

தொழிற்சங்கங்களும் அழுத்தம் தருகின்றனவே என்பார்கள். தருகின்றன. பலன்? 2023 பிப்ரவரியில் கர்நாடகம் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிட்டது. மூன்று மாதங்களுக்கான ஓவர்டைம் வரம்பை 75 மணியிலிருந்து 145 ஆக்கியது. சங்கங்கள் எதிர்த்தன, சட்டம் அசையவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 21 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் தொழிற்சாலைச் சட்டத்தில் வேலை நேரத்தைத் தளர்த்தும் 65ஏ பிரிவைச் சேர்க்கும் மசோதாவை நிறைவேற்றியது. முதலீட்டாளர்களின் எதிர்பார்ப்பு என்று அரசே காரணம் சொன்னது. இங்கே அது மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டது உண்மைதான். ஆனால் அதற்குக் கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்பு செய்ய வேண்டியிருந்தது. ஆளுங்கட்சியின் சொந்தச் சங்கமான தொ.மு.ச.வே எதிர்த்து நிற்க வேண்டியிருந்தது. கர்நாடகத்தின் ஒதுக்கீட்டு மசோதாவை நிறுத்தவோ சில பதிவுகளும் ஓர் அறிக்கையும் போதுமாயிருந்தன.

நிறுவனம் நடத்தத் தெரிந்தவருக்கு ஊரையும் நடத்தத் தெரியும் என்ற நம்பிக்கை இன்னொன்று. 1999இல் எஸ்.எம். கிருஷ்ணா, இன்ஃபோசிஸின் நந்தன் நிலேகனி தலைமையில் பெங்களூரு வளர்ச்சிக்கென ஒரு பணிக்குழு அமைத்தார். உருப்படியான வேலைகளும் நடந்தன. மாநகராட்சிக் கணக்கெழுதும் முறை சீரானது அதில் ஒன்று. ஆனால் குழு வாக்காளருக்கல்ல, முதல்வருக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டது. 2004இல் அவர் ஆட்சி போனதும் குழுவும் போயிற்று. வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டிய மாநகராட்சி மாமன்றத்துக்கோ, அதன் காலம் 2020 செப்டம்பரில் முடிந்த பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லை. நடத்துங்கள் என்று தொழிலதிபர்களில் சிலர் கேட்டதுண்டு. ஆனால் இரண்டு நாளில் அரசை அசைத்த அந்த வேகத்தை அதில் பார்க்க முடியவில்லை.

'தொழிலதிபர்கள் சொல்வதைக் கேட்காவிட்டால் முதலீடு போய்விடும்' என்பதை மறுக்கவே தேவையில்லை. அதுதான் என் வாதமும். போய்விடுவேன் என்று சொல்ல முடிகிறவரும், ஊரை விட்டுப் போக வழியில்லாத தொழிலாளியும் ஒரே தராசில் எப்படி நிற்பார்கள்?

சேர்வதையே தடுக்கச் சொல்லவில்லை. யார், எந்த அமைச்சரிடம், எந்தப் பிரிவை மாற்றக் கேட்டார் என்று பதிவு செய்ய இந்தியாவில் இன்றுவரை தனிச்சட்டம் கிடையாது. மனுவும் கூட்டக் குறிப்பும் மசோதாவோடு சேர்ந்தே வெளிவரட்டும். 1944இல் டாடா, பிர்லா உள்ளிட்ட எட்டுப் பேர், இந்தியப் பொருளாதார வளர்ச்சிக்கான பம்பாய்த் திட்டத்தைத் தங்கள் பெயர் போட்டு அச்சிட்டார்கள். எதிரிகள் அதை வரிவரியாகப் பிரித்து மேய்ந்தார்கள், இடதுசாரித் தலைவர் எம்.என். ராயின் சகாக்கள் 'மக்கள் திட்டம்' என்று மாற்றுத் திட்டம் ஒன்றையே எழுதினார்கள். 65ஏ பிரிவைக் கேட்டவர்களின் மனுவை அப்படிப் படித்து மறுக்க நமக்கு வாய்ப்பே தரப்படவில்லை.