காணும் பொங்கல் படகு அணிவகுப்பு: வழி வகுக்காமல் அனுமதி கொடுத்தவர்களைக் கண்டிக்கிறோம்

காணும் பொங்கல் மாலை எங்கள் ஊர் முகத்துவாரத்தில் படகு அணிவகுப்பு நடந்தபோது, அதில் சென்ற சுற்றுலாப் படகு ஒன்றும் பாடு முடித்துக் கரை திரும்பிய ஃபைபர் படகு ஒன்றும் மோதின. ஆறு பேர் நீரில் விழுந்தனர். எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மறுநாள் காலை, ஃபைபர் படகை ஓட்டி வந்தவர் மீது வழக்குப் பதியப்பட்டது. அனுமதி கொடுத்தவர்கள் மீதும் நடத்தியவர்கள் மீதும் எதுவும் இல்லை. எங்கள் சங்கம் இதைக் கண்டிக்கிறது.

மோதிய இரண்டு படகுகளிலும் வேலை செய்தவர்கள் எங்கள் உறுப்பினர்களே. நாட்டுப் படகுக்காரர்கள், விசைப்படகுத் தொழிலாளர்கள், சுற்றுலாப் படகு ஓட்டுநர்கள் மூவரும் சேர்ந்ததுதான் இச்சங்கம். ஒருவரைக் காட்டிக் கொடுத்து மற்றவரைக் காப்பாற்றும் தேவை எங்களுக்கு இல்லை. விழாவுக்கும் நாங்கள் எதிரிகள் அல்லர். அணிவகுப்பில் சென்ற படகுகளுக்குத் தென்னங்குருத்தும் கரும்பும் கட்டியவர்கள் எங்கள் வீட்டுப் பிள்ளைகள்.

அணிவகுப்புக்கு முன்பே எங்கள் சங்கம் எழுத்து மூலம் மனு கொடுத்தது. அணிவகுப்புக்கு ஒரு வழியும் கரை திரும்பும் படகுகளுக்கு ஒரு வழியும் மிதவை போட்டுப் பிரித்துத் தர வேண்டும் என்று அதில் கேட்டோம். இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்று கேட்டோம். ஏறும் ஆட்களை ஜெட்டியிலேயே எண்ணிப் பெயர் எழுத வேண்டும் என்று கேட்டோம். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை எங்களிடம் இருக்கிறது. பதில் வரவில்லை.

எங்கள் முகத்துவாரத்தில் நீர் முழுதும் பரந்து தெரியும். படகு போகக்கூடிய ஆழம் அதில் ஓரிடத்தில் மட்டுமே உண்டு. இரு பக்கமும் மணல் திட்டு. திட்டு எங்கே இருக்கிறது என்பது மழைக்கு மழை மாறும். கடலுக்குப் போகிறவருக்கும் வருகிறவருக்கும் அந்த ஒரே வழிதான். அந்த வழி முழுவதும் அணிவகுப்புக்கு ஒதுக்கப்பட்டது. திரும்பி வரும் படகு எங்கே காத்திருக்க வேண்டும், எப்போது நுழையலாம், யாருடைய கைகாட்டலுக்கு நிற்க வேண்டும் என்று ஒருவரும் தீர்மானிக்கவில்லை. ஒரு மிதவைகூடப் போடப்படவில்லை.

வழி அடைக்கப்படும் என்ற அறிவிப்பு அன்று மதியம் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் தெருத்தெருவாகச் சொல்லப்பட்டது. பண்டிகைக்காகக் கரையில் தங்கியவர்கள் அதைக் கேட்டார்கள். கேட்டிருக்க வேண்டியவர்கள் கடலில் இருந்தார்கள். முந்தின நாள் புறப்பட்டவர்கள் அன்று மாலை திரும்புவார்கள் என்பது மீன் இறங்குதளத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்கும். வயர்லெஸ்ஸில் ஒரு சொல் சொல்லப்படவில்லை.

அணிவகுப்பு மாலை நான்கரை மணிக்கு என்று அழைப்பிதழில் அச்சிடப்பட்டிருந்தது. சிறப்பு விருந்தினர் வர நேரமானது. ஆறரைக்குத்தான் கொடி அசைக்கப்பட்டது. தை மாதத்தில் எங்கள் கரையில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். நான்கரை மணிக்கு நீர் ஏறிக்கொண்டிருந்தது. ஆறரைக்கு வற்றம் பிடித்துவிட்டது. வரிசையில் நின்ற படகுகளை நீரோட்டம் முகத்துவாரம் பக்கம் இழுத்தது. இன்ஜினை அணைத்தால் படகு அடித்துப் போகும். ஓட்டினால் முன்படகில் இடிக்கும். இரண்டு மணி நேரம் எங்கள் ஓட்டுநர்கள் அப்படி நின்றார்கள். நேரம் தவறியதும் விழாவை நிறுத்தவோ சுருக்கவோ அதிகாரம் பெற்ற ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டும். அப்படி ஒருவர் நியமிக்கப்படவே இல்லை.

படகில் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு, பின்னால் வெள்ளை விளக்கு எரிய வேண்டும். எதிரே வருகிறவர் இருட்டில் சிவப்பைக் கண்டால் ஒரு முடிவும் பச்சையைக் கண்டால் வேறொரு முடிவும் எடுப்பார். சுக்கான் பிடிக்கப் பழகுகிற சிறுவனுக்கும் இது தெரியும். 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் 20ஆம் விதி, இந்த விளக்குகளோடு குழம்பக்கூடிய வேறு விளக்கு எதுவும் எரியக் கூடாது என்கிறது. அன்று சுற்றுலாப் படகின் விளிம்பைச் சுற்றி அணியம் முதல் பின்பக்கம் வரை சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி எரியும் சீரியல் செட் கட்டப்பட்டிருந்தது. இடப்பக்கச் சிவப்பு விளக்கின் மேல் ஃப்ளெக்ஸ் பேனர் தொங்கியது. பேனரை அந்த இடத்தில் கட்டச் சொன்னது அணிவகுப்பை நடத்திய விழாக் குழு. விளக்கு மறைகிறது என்று ஓட்டுநர் சொன்னார். வாழ்த்துச் செய்தி மறையக் கூடாது என்று அவருக்குப் பதில் சொல்லப்பட்டது.

கண்ணாலும் காதாலும் காவல் பார்க்க வேண்டும் என்பது அதே விதிகளில் 5ஆம் விதி. படகுக்குப் படகு ஒலிபெருக்கி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே வந்த ஃபைபர் படகில் இருந்தவர்கள் கத்தினார்கள், சங்கு ஊதினார்கள். ஒருவருக்கும் கேட்கவில்லை.

சுற்றுலாப் படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பது அதன் பக்கவாட்டில் பெயிண்டில் எழுதப்பட்டிருக்கிறது. அன்று எத்தனை பேர் ஏறினார்கள் என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. எண்ணப்படவில்லை. பெயர்ப் பட்டியல் இல்லை. பெரியவர்களுக்கான லைஃப் ஜாக்கெட்டுகள் இருக்கைக்கு அடியில் கட்டிக் கிடந்தன. குழந்தைகள் அளவில் ஒன்றுகூட இல்லை. 2012 அக்டோபர் 1 அன்று ஹாங்காங்கில் தேசிய தின வாணவேடிக்கை பார்க்கப் போன லாமா 4 என்ற படகு பயணிகள் கப்பலோடு மோதி மூழ்கியதில் 39 பேர் இறந்தார்கள். அந்தப் படகிலும் குழந்தைகளுக்கான லைஃப் ஜாக்கெட் இருக்கவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. பண்டிகை நாளில் படகில் குழந்தைகள் ஏறுவார்கள் என்பது அனுமதி கொடுப்பவருக்குத் தெரியாத செய்தி அல்ல.

கரையில் வாணம் விட்டதும் படகில் இருந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்க்க ஒரே பக்கம் சாய்ந்தார்கள். படகு சரிந்தது. நிமிர்த்துவதற்காக ஓட்டுநர் சுக்கானைத் திருப்பினார். திருப்பிய பக்கத்தில் ஃபைபர் படகு இருந்தது. அதில் இருந்த மூவரும் தெறித்து விழுந்தார்கள். சுற்றுலாப் படகிலிருந்து ஒரு பெண்ணும் இரண்டு சிறுவர்களும் விழுந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தபோதும், கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கம் குவிந்ததாகச் செய்திகள் வந்தன. வேடிக்கை பார்க்கப் படகில் ஏற்றப்பட்டவர்கள் வேடிக்கையின் பக்கம் திரும்பத்தான் செய்வார்கள். அவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. வாணத்தை எந்தப் பக்கம், எந்த நேரம் விடுவது என்று முடிவு செய்தவர்கள் படகைப் பற்றி ஒரு படகுக்காரரிடமும் கேட்கவில்லை.

மீட்புப் படகு ஒன்று இருந்தது. விபத்து நேரத்தில் அது விருந்தினர்களை மேடைப் படகுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது.

விழுந்த ஆறு பேரையும் எடுத்தவை எங்கள் படகுகள். அணிவகுப்புக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று சொல்லித் திட்டுக்கு அப்பால் ஒதுக்கி நிறுத்தப்பட்டிருந்த படகுகள் அவை. இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் போய்த் தேடினார்கள். இளைய சிறுவன் கயிறு ஒன்றைப் பிடித்தபடி கிடைத்தான். அவன் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அந்தக் கயிறு. அதற்கு எந்த ஏற்பாடும் காரணம் அல்ல. அதன் பின்னும் அணிவகுப்பு நிறுத்தப்படவில்லை. கடைசிப் படகு போய்ச் சேரும்வரை பாட்டு ஓடியது.

அன்றிரவு வெளியிடப்பட்ட செய்திக் குறிப்பில், அணிவகுப்பு அசம்பாவிதம் எதுவுமின்றி நிறைவடைந்தது என்று சொல்லப்பட்டிருந்தது. அந்த நேரத்தில் எங்கள் உறுப்பினர் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கக் காத்திருந்தார். நடந்ததை நடக்கவில்லை என்று எழுதியதைச் சங்கம் தனியாகக் கண்டிக்கிறது.

ஃபைபர் படகு ஓட்டுநர் மீது பாரதிய நியாய சன்ஹிதா 282ஆம் பிரிவில், படகை அஜாக்கிரதையாகச் செலுத்தியதாக வழக்குப் போட்டிருக்கிறார்கள். அதே சட்டத்தில் 284ஆம் பிரிவு இருக்கிறது. கூலிக்கு ஆள் ஏற்றும் படகில் அளவுக்கு மீறி ஏற்றுவது பற்றியது அது. 285ஆம் பிரிவும் இருக்கிறது. பொது நீர்வழியில் தடை உண்டாக்குவது பற்றியது. வழியை அடைத்தவர்கள் மீது 285 இல்லை. எண்ணாமல் ஏற்ற வைத்தவர்கள் மீது 284 இல்லை. வழக்கமாக வரும் வழியில், வழக்கமாக வரும் நேரத்தில், வீட்டுக்கு வந்தவர் மீது மட்டும் 282 இருக்கிறது.

இதை எப்படி நடத்துவதென்று தெரியவில்லை என்று சொல்ல முடியாது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்திலிருந்து படகுகள் போகின்றன. பெயர்ப் பட்டியல் எடுக்கப்படுகிறது. படகு சோதிக்கப்படுகிறது. ஏறுகிறவர் லைஃப் ஜாக்கெட் அணிந்தபின்தான் படகு புறப்பட வேண்டும். ஆலப்புழை புன்னமடை ஏரியில் நேரு கோப்பைப் படகுப் போட்டி நடக்கும் நாளில் போட்டிப் பாதைக்குள் வேறு படகு நுழையத் தடை விதிக்கப்படுகிறது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்குப் பொதுவாக 135 நாள்களுக்கு முன்பே கடலோரக் காவல்படையிடம் விண்ணப்பிக்க வேண்டும். நம் நாட்டிலும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017இல் படகுப் பாதுகாப்புக்கென்றே வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. அவற்றின் ஒரு பக்கமும் எங்கள் முகத்துவாரத்தை எட்டவில்லை.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டுக்குச் சுற்றுலா வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை. கேரளத்தின் தானூரில் இருட்டிய பிறகு ஓடிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அந்தச் செய்திகளைப் படித்த பிறகும் எங்கள் ஊரில் இருட்டில் ஆள் ஏற்றினார்கள்.

நீர்வழி பொதுவானது. அதை ஒரு மாலைக்கு ஒருவருக்கு ஒதுக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. ஒதுக்கும்போதே மற்றவர் எந்த வழியில் வருவது என்று சொல்ல வேண்டிய கடமையும் அதற்கு உண்டு. கடமையைச் செய்யாமல் அதிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் கண்டனம் இதற்கே.

ஃபைபர் படகு ஓட்டுநர் மீதான வழக்கைத் திரும்பப் பெற வேண்டும். அனுமதி ஆணையையும் அதற்கு விதித்த நிபந்தனைகளையும் வெளியிட வேண்டும். நிபந்தனையே விதிக்கவில்லை என்றால் அதைச் சொல்ல வேண்டும். காயமடைந்தவரின் மருத்துவச் செலவையும் அவர் கடலுக்குப் போக முடியாத நாள்களுக்கான கூலியையும் அனுமதி கொடுத்தவர்களும் விழாக் குழுவும் ஏற்க வேண்டும். இனி ஒரு படகு அணிவகுப்பு நடக்குமானால், வழிப் பிரிப்பு, ஆள் கணக்கு, நேர வரம்பு, வேறு வேலைக்குப் போகாத மீட்புப் படகு, நடுவில் நிறுத்தும் அதிகாரம் பெற்ற ஓர் அலுவலர் ஆகிய ஐந்தும் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த எழுத்து எங்கள் சங்கத்தின் கைக்கு முன்கூட்டியே வர வேண்டும்.

இவை நிறைவேறும்வரை எங்கள் உறுப்பினர்களின் படகுகள் எந்த அணிவகுப்புக்கும் போவதில்லை என்று பொதுக்குழு ஒருமனதாகத் தீர்மானித்துள்ளது. வாடகை கூடுதலாகக் கொடுத்தாலும் போவதில்லை. நீரில் விழுந்தவரைத் தூக்க மட்டும், எப்போது அழைத்தாலும் வருவோம்.

அன்று மாலை கரையில் நின்று பார்த்தவர்கள் ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பலர் கைபேசியில் படம் எடுத்திருக்கிறார்கள். படகு கிளம்பிய நேரத்தையும், எரிந்த விளக்கையும், மீட்புப் படகு நின்ற இடத்தையும் காட்டும் படங்களை அழிக்காமல் வைத்திருங்கள். விசாரணைக்கு அழைப்பு வரும்போது வந்து, பார்த்ததைச் சொல்லுங்கள்.

இவண்,
சங்கச் செயற்குழு