கொள்ளி வெட்ட மிஷின் வாங்க முதல் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்



போன கிழமை இடைவேளை நேரம். ஆசிரியர் அறையில் ஒரு சேர் போனை நீட்டினார். "58 சீசீ, 22 இஞ்சி செயின்சோ. வீட்டுக்கே கொண்டு வந்து தருவாங்களாம். இந்த விலைக்குக் கிடைக்காது. எடுக்கட்டா?"

நாங்கள் மூன்று பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இதே கேள்வியை 2022 இல் இன்னொருவர் எங்களிடம் கேட்டிருந்தார். அன்று நாங்கள் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 யாருக்கும் மறக்காது. கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு விடிய முதல் போய் வரிசையில் நின்றோம். வெறும் சிலிண்டரோடு திரும்பி வந்தோம். மண்ணெண்ணெயும் இல்லை. உம்மாமார் பழைய அடுப்புக் கல்லைத் தேடி எடுத்தார்கள். வளவில் நின்ற வேம்பு, மா, இப்பில் இப்பில், கிளிசிரிடியா எல்லாம் கொள்ளியானது. அப்போதுதான் எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் ஒருவர் வந்தார். "சேர், கொள்ளி வெட்டி வித்தா நாலு காசு பாக்கலாம். எந்த மிஷின் நல்லம்?" என்று கேட்டார்.

எங்களுக்கு செயின்சோ பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஆசிரியர்களிடம் கேட்டால் பதில் சொல்லாமல் இருப்போமா? விளம்பரத்தைப் பார்த்தோம். பெரிய எஞ்சின், நீளமான வாள், குறைந்த விலை. "இதை எடு மகன், பெருசா இருந்தா வேலை கெதியா முடியும்" என்றோம்.

மூன்றாம் மாதம் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சாரனோடும் செருப்போடும் நின்று ஒரு மாங்கிளையை அறுத்திருக்கிறார். வாளின் நுனி பின்னால் கிடந்த இன்னொரு கட்டையில் முட்டியது. மிஷின் துள்ளித் திரும்பியது. தொடையில் எலும்பு தெரியும் வெட்டு. அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பியது. இன்றும் நொண்டித்தான் நடக்கிறார்.

அவர் எங்களை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. நாங்கள்தான் அதற்குப் பிறகு தேடிப் படித்தோம், தொழில்காரர்களிடம் கேட்டோம். அறிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

முதலாவது, பெரிய மிஷின் நல்ல மிஷின் அல்ல. நமது வீட்டு அடுப்புக்கு நாம் வெட்டுவது என்ன? பெரும்பாலும் கை மொத்தக் கிளை, தொடை மொத்தக் கட்டை. எப்போதாவது ஒரு அடி குறுக்களவு அடிமரம். இதற்கு 30 முதல் 40 சீசீ எஞ்சினும் 14 அல்லது 16 இஞ்சி வாளும் தாராளம். அதைவிடத் தடித்த மரத்தை இரண்டு பக்கமாக அறுத்து முடிக்கலாம். 22 இஞ்சி வாளின் நுனி எங்கே போய் முட்டுகிறது என்று பிடித்திருப்பவருக்கே தெரியாது. நுனியின் மேல் பாதிதான் மிக ஆபத்தான இடம். ஓடும் செயின் அந்த இடத்தில் எதிலாவது முட்டினால் வாள் அப்படியே மேலே எகிறி நம் பக்கம் திரும்பும். கையை இழுக்க நேரம் இருக்காது. பாரமும் ஒரு விஷயம். சிறியது பெற்றோலோடு சேர்த்து ஐந்து கிலோ அளவில் இருக்கும். பெரியது ஏழு கிலோவைத் தொடும். அரை மணித்தியாலம் பிடித்தால் கை நடுங்கும். நடுங்கும் கையில்தான் விபத்து.

இரண்டாவது, சீசீயைக் கேட்க முதல் பிரேக்கைக் கேளுங்கள். முன் கைபிடிக்கு முன்னால் நிற்கும் தடுப்பு வெறும் அலங்காரம் அல்ல, அதுதான் செயின் பிரேக். மிஷின் எகிறும்போது அது முன்னே தள்ளப்பட்டு, கண் மூடித் திறக்க முதல் செயினை நிறுத்த வேண்டும். கடையிலேயே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். அக்சிலேட்டரை விட்டதும் செயின் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு செயினை ஓடவிட்டு, அந்தத் தடுப்பைத் தள்ளிக் காட்டச் சொல்லுங்கள். உடனே நிற்காவிட்டால் எந்த விலைக்கும் வேண்டாம். பழைய மிஷின் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். வீட்டுக்கு வரும் பெட்டியில் இதையெல்லாம் சோதிக்க முடியாது. அதனால்தான் கண்ணால் பார்த்து வாங்கச் சொல்கிறோம்.

மூன்றாவது, நாளைக்குச் செயின் அறுந்தால் எங்கே போவீர்கள்? செயினுக்கும் வாளுக்கும் அளவு உண்டு. அந்த அளவு ஊரிலோ பக்கத்து டவுனிலோ கிடைக்குமா, திருத்தத் தெரிந்த கராஜ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஸ்டில், ஹஸ்க்வானா போன்ற பெயர் பெற்ற கம்பனிகளின் சிறிய மிஷினுக்கு விலை கூடத்தான். ஆனால் சாமான் கிடைக்காத மலிவு மிஷின் ஆறு மாதத்தில் அடுப்படி மூலைக்குப் போய்விடும்.

வளவுக்குள்ளேயே வெட்டுபவருக்குக் கரண்டில் ஓடும் செயின்சோ போதும். பெற்றோல் கலக்கும் வேலை இல்லை, சத்தமும் குறைவு. ஆனால் வயர் மொத்தமானதாக இருக்க வேண்டும், மழை ஈரத்தில் தொடக்கூடாது. பற்றரியில் ஓடும் குட்டி மிஷின் மணிக்கட்டு மொத்தக் கிளைக்கு நல்லது, அடிமரத்துக்கு அல்ல. சிறியதுதானே என்று ஒரு கையால் மிஷினையும் மறு கையால் கிளையையும் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அறுபடுவது அந்த மறு கைதான்.

பெற்றோல் மிஷின் என்றால், புத்தகத்தில் உள்ள அளவுப்படி டூ ஸ்ட்ரோக் ஒயில் கலக்க வேண்டும். 50க்கு 1 என்று இருந்தால் ஒரு லீற்றருக்கு 20 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி. செயினுக்கு வேறு ஒயில், அதற்கு வேறு தாங்கி. அறுக்கும்போது மரத்தூள் சீவலாக விழாமல் மாவாக விழுந்தால் செயின் மொட்டையாகிவிட்டது என்று அர்த்தம். அழுத்தி அறுக்காமல் அரத்தால் தீட்டுங்கள். நமது கரையோர மணலில் கட்டையைப் போட்டு அறுத்தால் ஒரு நிமிடத்தில் செயின் போய்விடும். கீழே இரண்டு கட்டை வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள்.

நான்காவதுதான் முக்கியம். மிஷின் விலையோடு பாதுகாப்பு விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். கண்ணாடி, காது மூடி, முன்பக்கம் மூடிய பூட்ஸ், செயின்சோவுக்கென்றே செய்த கால் கவசம். அந்தக் கவசத்துக்குள் இருக்கும் நார் செயினில் சுற்றி அதை நிறுத்திவிடும். ஜீன்ஸ் அந்த வேலையைச் செய்யாது. சாரன் அதைவிட மோசம், துணியை இழுத்துச் செயினே காலுக்கு வரும். இவற்றுக்குக் காசு போதாது என்றால், மிஷினுக்கும் காசு போதாது என்றுதான் அர்த்தம். தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதீர்கள், ஏணியில் நின்று அறுக்காதீர்கள், தனியாக அறுக்காதீர்கள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் சொந்த வளவில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. செயின்சோக்களைப் பதிய வேண்டும் என்று 2019 இல் அரசாங்கம் அறிவித்ததும் நினைவிருக்கும். வாங்க முதல் பிரதேச செயலகத்திலோ பொலிஸிலோ ஒரு வார்த்தை கேட்டு, பற்றுச்சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

இனி எங்கள் கருத்து. ஒரு வீட்டுக்கு ஒரு செயின்சோ தேவையே இல்லை. தினமும் சோறு ஆக்கும் கொள்ளிக்குக் கோடரியும் கைவாளும் போதும். வருடத்தில் இரண்டு மூன்று நாள் வேலைக்காக ஏன் இவ்வளவு காசும் ஆபத்தும்? பத்து வீடு சேர்ந்து நல்ல சிறிய மிஷின் ஒன்றையும் முழுப் பாதுகாப்பு உடுப்பையும் வாங்கலாம். நோன்புக் கஞ்சிக்கும் கல்யாணச் சோற்றுக்கும் பள்ளிக்குக் கொள்ளி வேண்டும். காற்றடித்து மரம் விழுந்தால் பாதையைத் திறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அதுவே உதவும்.

"பொதுச் சாமான் ஒரு மாசம் தாங்காது" என்று சிலர் சொல்வீர்கள். உண்மைதான். அதனால் மிஷினை இரவல் கொடுக்கவே கூடாது. பழகிய ஒருவரிடம் அது இருக்கட்டும். அவர் வந்து அறுத்துத் தரட்டும், அவருக்குரிய கூலியைக் கொடுப்போம். நமது பிள்ளைகளில் ஒருவருக்குத் தொழிலும் ஆகும்.

போன வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு அந்தப் பழைய மாணவரைக் கண்டோம். இதை எழுத அனுமதி கேட்டோம். சரி என்றார். அந்த மிஷின் இன்னும் வீட்டில்தான் கிடக்கிறதாம். "விற்கலாமே" என்றோம். "இன்னொருத்தன்ட காலுக்கா சேர் விக்கிற?" என்று கேட்டார்.

எங்களிடம் பதில் இல்லை. போனை நீட்டிய சேருக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டோம். வேண்டாம் என்று.

அல்லாஹ் நம் எல்லோரையும் பாதுகாப்பானாக.