ப்ரொபேஷனுக்கு விளக்கம் சொல்லவேண்டியவர் ரெசிடென்ட் மட்டுமல்ல

ரெசிடென்சி எனும் மருத்துவ மேற்படிப்புப் பயிற்சியின்போது ப்ரொபேஷனில் வைக்கப்பட்ட மருத்துவர், அமெரிக்க மாநில மருத்துவ வாரியத்திடம் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கும்போது அதை மறைக்கக் கூடாது. நடந்ததை நடந்தபடி, முழுமையாக, சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இதே உறுதியோடு இன்னொன்றையும் சொல்கிறோம்: அவரை ப்ரொபேஷனில் வைத்த பயிற்சித் துறை, அது எதற்காக வைக்கப்பட்டது, எப்படி முடிந்தது என்பதை எழுத்தில் தரக் கடமைப்பட்டது. இன்று அந்தச் சுமை முழுவதும் பயிற்சியை முடித்து அப்போதுதான் வெளியே வரும் இளம் மருத்துவரின் தலையில் விழுகிறது. அமெரிக்காவில் பணியாற்றும் தமிழ் மருத்துவர்களின் சங்கமாகிய நாங்கள் இதை அநீதி என்றே கருதுகிறோம்.

ஊரில் இருக்கும் பெற்றோருக்காக ஒரு விளக்கம். தமிழ்நாட்டில் அரசு வேலையில் சேரும் எல்லோரும் தகுதிகாண் பருவத்தைக் கடந்தே நிரந்தரமாகிறார்கள். அதில் குறை எதுவும் இல்லை. ரெசிடென்சியில் ப்ரொபேஷன் என்பது வேறு. பயிற்சியின் நடுவில் ஒரு குறையைச் சுட்டிக்காட்டி, இத்தனை மாதத்துக்குள் திருத்திக்கொள்ளாவிட்டால் அடுத்த ஆண்டுக்கு உயர்த்த மாட்டோம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று எழுத்தில் தரப்படும் எச்சரிக்கை அது. பிள்ளை இதை வீட்டில் சொல்லாமல் இருந்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் வெட்கம்தான். திட்ட வேண்டாம், பேச விடுங்கள்.

இந்தியாவில் படித்து இங்கே வருகிறவர்கள் முதலாண்டில் எங்கே இடறுகிறார்கள் என்பது எங்கள் மூத்த உறுப்பினர்களுக்கு நன்றாகத் தெரியும். மருத்துவ அறிவில் இடறுகிறவர்கள் குறைவு. நம் கல்லூரிகளில் பேராசிரியர் ரவுண்ட்ஸ் வரும்போது கேட்டால்தான் வாயைத் திறப்போம்; அது மரியாதை. இங்கே அதே மௌனத்தை, இவருக்குத் தெரியவில்லை, ஆர்வமில்லை என்று மதிப்பீட்டில் எழுதிவிடுகிறார்கள். கணினியில் நோயாளிக் குறிப்புகள் தேங்குகின்றன. நள்ளிரவில் செவிலியர் அழைத்தால் சொல்லும் பதில் மிகச் சுருக்கமாக இருந்து, கடுமையாகக் கேட்கிறது. பயிற்சிகளுக்கு அங்கீகாரம் தரும் ஏசிஜிஎம்இ வகுத்த ஆறு திறன்களில் மருத்துவ அறிவு ஒன்றுதான். தொடர்புத் திறனுக்கும் தொழில்முறை நடத்தைக்கும் அதே எடை உண்டு. இவையெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய குறைகள். பயிற்சி என்று ஒன்று இருப்பதே அதற்குத்தான்.

ஆனால் ஒரே குறைக்கு ஒரு மருத்துவமனை ‘ரெமிடியேஷன்’ என்று பெயரிட்டுத் தனியாகக் கற்றுத்தருகிறது; இன்னொன்று நேரே ப்ரொபேஷன் கடிதம் கொடுக்கிறது. எது எப்போது என்பதற்கு நாடு முழுவதற்குமான அளவுகோல் இல்லை. இடைநீக்கம், பதவி உயர்வு மறுப்பு, ஒப்பந்தம் புதுப்பிக்காமை, வெளியேற்றம் ஆகிய நான்குக்கும் முறையான விசாரணை வழி இருக்க வேண்டும் என்று ஏசிஜிஎம்இ விதிக்கிறது. அந்தப் பட்டியலில் ப்ரொபேஷன் இல்லை. நீதிமன்றம் போகலாம் என்றால் அங்கும் கதவு குறுகல்தான். 1978-இல் ஹொரோவிட்ஸ் என்ற மருத்துவ மாணவியின் வழக்கில், கல்வித் தரம் பற்றிய ஆசிரியர்களின் முடிவுக்கு முறைப்படியான விசாரணை தேவையில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, மேல்முறையீட்டுக்கு வழி இல்லாமலே ஒருவர் மேல் ப்ரொபேஷன் விழலாம். விழுந்தபின் அது அவரை விடுவதில்லை. மாநில மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பு நடத்தும் எஃப்சிவிஎஸ் சேவை, சான்றுகளைச் சரிபார்க்கும்போது பயிற்சித் துறைக்கு அனுப்பும் படிவத்தில், இவர் எப்போதாவது ப்ரொபேஷனில் வைக்கப்பட்டாரா என்று நேரடியாகக் கேட்கிறது. பிறகு வேலைக்குச் சேரும் மருத்துவமனைகளும் கேட்கின்றன.

இந்தக் கேள்வியையே எடுத்துவிடச் சொல்ல வேண்டும் என்று எங்கள் உறுப்பினர்களில் சிலர் வாதிட்டார்கள். சங்கம் அதை ஏற்கவில்லை. மைக்கேல் ஸ்வாங்கோ என்ற மருத்துவரின் வரலாறு அதற்குக் காரணம். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இன்டர்னாக இருந்தபோதே அவர்மீது பலத்த சந்தேகம் எழுந்தது. அவருக்கு ரெசிடென்சி இடமும் மறுக்கப்பட்டது. ஆனாலும் 1984-இல் ஒஹாயோ மாநில உரிமம் அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டே, உடன் பணிபுரிந்தவர்களுக்கு விஷம் வைத்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். சிறையிலிருந்து வந்தபின் போலி ஆவணங்களைக் காட்டி மீண்டும் ரெசிடென்சிகளில் சேர்ந்தார். 2000-இல் நோயாளிகளைக் கொன்றதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பயிற்சி இடங்கள் வாய்மூடி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வாரியம் கேட்கத்தான் வேண்டும். நோயாளிக்காகவே அது இருக்கிறது.

ஆகவே இளம் மருத்துவர்களுக்கு எங்கள் சொல்: ‘இல்லை’ என்று குறியிடாதீர்கள். பயிற்சிக்குள் நடக்கும் ப்ரொபேஷன், மருத்துவர்கள் மீதான நடவடிக்கைகளைப் பதிவு செய்யும் தேசிய மருத்துவர் தரவு வங்கிக்குப் பொதுவாகப் போவதில்லை. ஆனால் விண்ணப்பத்தில் பொய் சொன்னதற்காக வாரியம் உரிமத்தை மறுத்தால் அது அந்த வங்கியில் பதிவாகும். திருத்திக்கொண்ட ஒரு குறையை, திருத்தவே முடியாத நேர்மைக் குற்றமாக நீங்களே மாற்றிவிடுவீர்கள்.

எழுதுவதற்கு முன் உங்கள் கோப்பைக் கேட்டுப் படியுங்கள். கடிதத்தில் ‘ப்ரொபேஷன்’ என்று இருந்ததா, ‘கூடுதல் கண்காணிப்பு’ என்று இருந்ததா? உங்களுக்குக் கிடைத்தது ரெமிடியேஷன் மட்டும் என்றால், கேட்ட கேள்வியின் வரிகளைச் சரியாகப் படித்து அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கேட்காத பாவத்தை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் அதே படிவத்தில் ‘வேறு ஏதேனும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டதா’ என்ற கேள்வியும் இருக்கக்கூடும். சந்தேகம் இருந்தால், உரிம வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் விண்ணப்பத்தை அனுப்பும் முன்பே காட்டுங்கள், அனுப்பிய பின் அல்ல.

விளக்கம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நாங்கள் பார்க்கும் வரைவுகள் பலவற்றில் முதல் இரண்டு பத்திகள் பயிற்சி இயக்குநரைப் பற்றியவையாக இருக்கின்றன: அவருக்கு என்னைப் பிடிக்காது, எல்லாம் தவறான புரிதல். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வாரியத்தில் அதைப் படிப்பவர் தேடுவது ஒன்றே ஒன்றுதான்: இவரை நம்பி நோயாளியை ஒப்படைக்கலாமா? அதற்குப் பதில் இப்படி அமைய வேண்டும்: “இரண்டாம் ஆண்டில், வார்டிலிருந்து வீட்டுக்குச் செல்லும் நோயாளிகளின் சுருக்கக் குறிப்புகளை உரிய நேரத்தில் முடிக்காததால், ஆறு மாதம் ப்ரொபேஷனில் வைக்கப்பட்டேன். வாரந்தோறும் தலைமை ரெசிடென்ட்டிடம் கணக்குக் காட்டவும், தேக்கம் இல்லாமல் வைத்திருக்கவும் பணிக்கப்பட்டேன். இரண்டையும் செய்தேன். குறித்த தேதியில் ப்ரொபேஷன் நீக்கப்பட்டது, கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. மூன்றாம் ஆண்டுக்கு உயர்த்தப்பட்டுப் பயிற்சியை முடித்தேன். அதன்பின் இக்குறை எழவில்லை.” இது நாங்கள் வகுத்த மாதிரி மட்டுமே, தேதிகளும் விவரங்களும் உங்களுடையவையாக இருக்க வேண்டும். பயிற்சித் துறை எழுதுவதும் நீங்கள் எழுதுவதும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். முதல் வாரியத்துக்கு எழுதியதையே பத்தாண்டு கழித்து இன்னொரு மருத்துவமனைக்கும் எழுத நேரும் என்பதால், நகலைப் பத்திரமாக வையுங்கள்.

நோய் காரணமாக வேலை தளர்ந்தவர்களின் நிலை இன்னும் கடினமானது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றதைச் சொன்னால் உரிமம் போய்விடும் என்ற பயத்தில் சிகிச்சையே பெறாதவர்கள் உண்டு. 2020 ஏப்ரலில் நியூயார்க் அவசரப் பிரிவு மருத்துவர் லோர்னா பிரீன் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். உதவி கேட்டால் உரிமத்தை இழந்துவிடுவோம் என்று அவர் அஞ்சியதாக அவர் குடும்பம் சொன்னது. 2022-இல் அவர் பெயரில் மருத்துவப் பணியாளர் நலச் சட்டம் வந்தது. பழைய சிகிச்சை வரலாற்றைக் கேட்காமல், இப்போது பணி செய்யத் தடையாக உள்ள நோயைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று வாரியங்களின் கூட்டமைப்பே 2018-இல் பரிந்துரைத்திருக்கிறது. ஆகவே விளக்கக் கடிதத்தில் நோயின் பெயரை எழுதவேண்டிய கட்டாயம் இருக்கிறதா என்பதை, அந்தந்த மாநிலத்தின் கேள்வியை வைத்தே முடிவு செய்யுங்கள். பயிற்சித் துறைகளுக்கும் ஒரு சொல்: மருத்துவ விடுப்பும் பேறுகால விடுப்பும் ப்ரொபேஷன் அல்ல. 2022 ஜூலை முதல், பயிற்சிக் காலத்தில் ஒரு முறையாவது ஆறு வாரம் முழுச் சம்பளத்துடன் விடுப்பு தர வேண்டும் என்று ஏசிஜிஎம்இ விதித்திருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தியவரின் கோப்பில் குறை போல எதையும் எழுதக் கூடாது.

பயிற்சித் துறைகளிடம் எங்கள் கோரிக்கை கண்டிப்பானது. எந்த நிலைக்கு எந்தப் பெயர் என்பதைப் பயிற்சி தொடங்கும் முதல் வாரத்திலேயே எழுத்தில் கொடுங்கள். ப்ரொபேஷன் வைக்கும்போது, அதை எதிர்த்துப் பேச ஒரு வாய்ப்பும் கொடுங்கள். முடிந்த நாளில், முடிந்தது என்று இயக்குநர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கோப்பில் சேர வேண்டும். இயக்குநர்கள் மாறுகிறார்கள், பழைய இயக்குநருக்குத் தெரிந்த நல்ல முடிவு, புதியவர் படிவம் நிரப்பும்போது காகிதத்தில் இருந்தால்தான் அவர் கண்ணில் படும். அது இல்லாமல் ‘ஆம், ப்ரொபேஷனில் இருந்தார்’ என்ற ஒற்றை வரி மட்டும் வாரியத்துக்குப் போவதை நாங்கள் ஏற்க மறுக்கிறோம்.

வாரியங்களிடம் கேட்பது இதுதான். கேள்வியை வைத்திருங்கள், அதோடு எதற்காக, எவ்வளவு காலம், நிபந்தனைகள் நிறைவேறினவா என்ற கேள்விகளையும் பயிற்சித் துறையிடமே கேளுங்கள். நோயாளிக்கு ஆபத்து விளைவித்த குறையையும் குறிப்புகள் தேங்கிய குறையையும் ஒரே கட்டத்தில் அடைக்காதீர்கள். பயிற்சித் துறை அனுப்பிய படிவத்தின் நகலை விண்ணப்பதாரருக்கும் கொடுங்கள். தன்னைப் பற்றி எழுதப்பட்டது என்னவென்று தெரியாமல் ஒருவர் அதற்கு விளக்கம் எழுத முடியாது.